‘என் மகன் பெண்ணாக மாறிவிடுவானா, டாக்டர்?’

48 வயதுத் தாய் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். ஆளை அடையாளம் காட்டிவிடும் என்று தோன்றிய சிலவற்றை நானும் மாற்றிவிட்டேன். விஷயம் இதுதான்.

மகனுக்கு 21 வயது. வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார், கடைசி வருடம். மூன்று வாரத்துக்கு முன் விடுமுறையில் வந்தவர், ஒரு ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, “அம்மா, எனக்குப் பெண்கள் மேல ஈர்ப்பு இல்லை. ஆண்கள் மேலதான். பதிமூணு வயசுலேருந்து தெரியும்” என்று சொல்லியிருக்கிறார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மகன் மீதிப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் அம்மா அப்பாவிடம் சொல்ல, அப்பா அன்றிலிருந்து மகனோடு பேசுவதில்லை. மகன் விடுதிக்குத் திரும்பிவிட்டார். வருகிற சனிக்கிழமை மறுபடி வருகிறார்.

தாயின் கேள்விகள்: அவன் திருநங்கையாகிவிடுவானா? நான்கு வயதில் என் அக்கா மகளின் கவுனை விளையாட்டாகப் போட்டுப் படம் எடுத்தோமே, அதனால் வந்ததா? ஹார்மோன் பரிசோதனை செய்தால் சரிசெய்துவிடலாமா? சீக்கிரம் கல்யாணம் செய்துவைத்தால் மாறிவிடுவான் என்று அக்கா சொல்கிறார், செய்யலாமா? இதோடு இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. 16 வயது மகள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கால்பந்து ஆடுகிறாள். அவளும் ‘அப்படி’த்தானோ?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் பயம் தெரிந்தது. இரண்டாவது முறை வேறொன்று கண்ணில் பட்டது. நான்கு பக்கத்தில் உங்கள் மகன் பேசியது அந்த மூன்று வாக்கியம் மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள், உங்கள் கணவர், உங்கள் அக்கா மூவரும் அதன்மேல் கட்டியது. அதனால் முதலில் அவர் சொன்னதற்கே திரும்பிப் போவோம். (21 வயது ஆள் என்பதால் நான் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.)

அவர் சொன்னதும் நீங்கள் கேட்டதும்

தனக்கு யார்மேல் மனம் போகிறது என்பதை அவர் சொன்னார். தான் ஆணா பெண்ணா என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு சங்கதிகள். இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, படித்தவர்கள், ஏன் மருத்துவர்களே செய்கிற தவறு.

கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். பிறக்கும்போது உடலைப் பார்த்து ஆண், பெண் என்று எழுதுகிறார்களே, அது பால். அந்த உடலும் எல்லாருக்கும் இரண்டே வகையில் அமைந்துவிடுவதில்லை. ஊடுபால் உடலோடு பிறக்கிறவர்களும் உண்டு. உள்ளுக்குள் ‘நான் ஆண்’, ‘நான் பெண்’, ‘நான் இரண்டிலும் அடங்கவில்லை’ என்று ஒருவர் தன்னை அறிகிறாரே, அது பாலின அடையாளம். ஆண் என்றால் இப்படி நடக்க வேண்டும், பெண் என்றால் இப்படி உட்கார வேண்டும் என்று ஊர் எழுதிவைத்திருக்கும் பட்டியல் இருக்கிறதே, அது பாலினப் பங்கு. காதலும் ஆசையும் யாரை நோக்கிப் போகின்றன என்பது பாலீர்ப்பு.

இந்த நான்கும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. தன்னை ஆண் என்று முழு மனதோடு உணர்ந்துகொண்டே இன்னொரு ஆணை நேசிப்பவர்தான் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண். உங்கள் மகன் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் அப்படித்தான் தெரிகிறார். திருநங்கை என்பவர் பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக அறிகிறவர். அவருக்கு ஆண்கள்மேல் ஈர்ப்பு இருக்கலாம், பெண்கள்மேலும் இருக்கலாம். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை; நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “திருநங்கை இல்லையென்றால் பரவாயில்லை” என்று உங்கள் மனம் இப்போது நிம்மதி அடைந்தால் அதுவும் சரியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 11-வது பதிப்பு 2019-ல் ஏற்கப்பட்டு, 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் திருநராக, அதாவது பிறப்பில் எழுதப்பட்ட பாலிலிருந்து வேறாகத் தன்னை அறிகிறவராக, இருப்பதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளை யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வந்து அப்படிச் சொன்னால், அவரையும் இதே மரியாதையோடுதான் கேட்க வேண்டியிருக்கும்.

கவுன் போட்டதால் வந்ததா?

இந்தக் கேள்வியை எழுதும்போது நீங்கள் அழுதிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து மாறியிருக்கிறது. அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கனடாவில் 1965-ல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டு மாதத்தில் நடந்த ஒரு சிறு அறுவைச் சிகிச்சை தவறிப்போய், ஒரு குழந்தை ஆணுறுப்பை இழந்துவிட்டது. ‘பாலினப் பங்கு’ என்ற சொல்லை 1955-ல் ஆராய்ச்சி உலகத்துக்குக் கொண்டுவந்த ஜான் மணி என்ற உளவியலாளரிடம் பெற்றோர் போனார்கள். பெண்ணாக வளர்த்தால் பெண்ணாகிவிடும் என்றார் அவர். விரைகளை அகற்றினார்கள். பெண் பெயர், பெண் உடை, பெண் பொம்மைகள், வளர்ந்தபின் பெண் ஹார்மோன், எல்லாம் கொடுத்தார்கள். குழந்தையிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. இது வெற்றி என்று மணி பல வருடம் எழுதினார். ஆனால் அந்தக் குழந்தை ஒரு நாளும் அதில் பொருந்தவில்லை. 14 வயதில் உண்மை தெரிந்தவுடன் ஆணாக வாழத் தொடங்கி, டேவிட் ரெய்மர் என்ற பெயரில் தன் கதையைப் பின்னாளில் உலகுக்கே சொன்னார். 2004-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரே ஒருவரின் கதையை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. அதுவும் இது பாலின அடையாளத்தைப் பற்றியது, ஈர்ப்பைப் பற்றியது அல்ல. ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கத்தி, மருந்து, பத்துப் பன்னிரண்டு வருடப் பயிற்சி, ஒரு பெரிய நிபுணர், இத்தனையும் சேர்ந்து ஒரு பையனைப் பெண் என்று நம்பவைக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் போட்ட கவுன் என்ன செய்திருக்கும்?

ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அறிவியலிடம் ஒற்றை வரிப் பதில் கிடையாது. 2019-ல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரின் மரபணுக்களை அலசிய ஆய்வு ஒன்று வெளியானது. மரபணுக்களுக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் ‘இதுதான் அந்த மரபணு’ என்று கைகாட்ட ஒன்றும் இல்லை என்பது அதன் முடிவு. பிறப்புக்கு முன் கருவில் நடப்பவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாய் அதிகமாகச் செல்லம் கொடுத்தார், தகப்பன் தள்ளியே இருந்தார் என்று பழைய உளவியல் புத்தகங்கள் பழி போட்டதுண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் தேறவில்லை. அந்தப் பழியைப் பல தலைமுறைத் தாய்மார்கள் சும்மா சுமந்தார்கள். நீங்களும் சுமக்க வேண்டாம். அந்தப் படத்தைக் கிழித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

ஹார்மோன் பரிசோதனையும் ‘மாற்றும்’ சிகிச்சையும்

பரிசோதனை தேவையில்லை. மகனின் ஆண் ஹார்மோன் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு அது மற்ற ஆண்களைப் போலவேதான் இருக்கும். 1940-களில் சில மருத்துவர்கள் ஊசி வழியாக ஆண் ஹார்மோனைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஆசையின் அளவு கூடியது, திசை மாறவில்லை. பிரிட்டனில் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்கை 1952-ல் தன்பாலுறவுக்காகத் தண்டித்து, சிறைக்குப் பதிலாகப் பெண் ஹார்மோன் ஏற்றினார்கள். 1954-ல் 41 வயதில் அவர் இறந்தார். அந்த அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது 2013-ல். யார் யாரை மன்னிப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தன்பாலீர்ப்பு ஒரு காலத்தில் மனநோய்ப் பட்டியலில் இருந்தது உண்மைதான். அதை என் துறை மறைக்கக் கூடாது. 1957-ல் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களுக்கும் ஒரே மனநலச் சோதனைகளைச் செய்து, முடிவுகளைப் பெயரில்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது.

அப்படியும் ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொல்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பணமும் வாங்குவார்கள். 1973-ல் அந்த நீக்கத்துக்குக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவர். அதே ஆள், சிலரை மாற்ற முடியும் என்று 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாற்றுகிறோம் என்பவர்கள் எல்லாரும் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். 2012-ல் அந்த ஆய்வு தவறு என்று சொல்லி அவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இந்தச் ‘சிகிச்சை’களுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் மன அழுத்தத்தோடும் சாகும் எண்ணத்தோடும் திரும்பியதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. மால்டா 2016-ல் இதைச் சட்டத்தால் தடைசெய்தது, பிறகு வேறு பல நாடுகளும் செய்தன. தவிர, உங்கள் மகன் வயதுவந்தவர். அவர் சம்மதிக்காமல் அவருக்கு ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யச் சொல்லும் உரிமை உங்களுக்கோ எனக்கோ கிடையாது.

“வயசுக் கோளாறா, தானா மாறிடுமா?” என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். சிலர் தங்கள் ஈர்ப்பைச் சொல்லும் சொல்லை வாழ்நாளில் மாற்றிக்கொள்வதுண்டு. இருபாலரிடமும் ஈர்ப்பு உள்ளவர்களும் உண்டு. பாலுணர்வை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் கின்சி 1948-லேயே இதை ஒன்று, இரண்டு என்று பெட்டி போடாமல் பூஜ்யத்திலிருந்து ஆறு வரையான அளவுகோலாகத்தான் வரைந்தார். ஆனால் உங்கள் மகன் 13 வயதில் தெரிந்துகொண்டதை 21-ல்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எட்டு வருடம் யோசித்திருக்கிறார். நீங்கள் யோசித்தது மூன்று வாரம்.

கல்யாணம்

இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. செய்யாதீர்கள்.

நான்கு பக்கத்திலும் தேடிப் பார்த்தேன். அந்தக் கல்யாணத்தில் வரப்போகிற பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படிப்பட்ட மனைவிகள் என் அறைக்கு வந்திருக்கிறார்கள். “என்கிட்ட என்ன குறை?” என்பதுதான் அவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. வருடக்கணக்காக, கணவன் தன்னைத் தொடாததற்குத் தன் உடலை, தன் நிறத்தை, தன் பேச்சைக் காரணமாக நினைத்துக்கொண்டே வாழ்ந்திருப்பார்கள். சிலர் இரண்டு குழந்தைக்குப் பிறகு உண்மையை அறிந்தார்கள். குழந்தை பிறந்திருக்கிறதே, அப்படியானால் மாறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். உடல் ஒத்துழைப்பது வேறு, மனம் விரும்புவது வேறு. அந்தக் கணவன்மார்களும் என் அறைக்கு வந்திருக்கிறார்கள், வேறு வேறு நாட்களில். அவர்களையும் வில்லன்களாகப் பார்க்க முடியவில்லை. பெரும்பாலும் அம்மாவின் கண்ணீருக்காகத் தலையாட்டியவர்கள்.

சட்டப்படி பார்த்தாலும், இருவரின் முழுமையான, சுதந்திரமான சம்மதத்தோடுதான் திருமணம் நடக்க வேண்டும் என்று 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 16-வது பிரிவில் சொல்கிறது. வற்புறுத்தி வாங்கிய தலையசைப்பு சம்மதம் ஆகாது. முக்கியமான ஒன்றை மறைத்துச் செய்த திருமணத்தைப் பல நாடுகளில் நீதிமன்றம் வரை கொண்டுபோக முடியும். அப்போது உங்கள் மகனின் அந்தரங்கம் வழக்குக் காகிதத்தில் ஏறும். நீங்கள் எதை மறைக்க நினைத்தீர்களோ அதுவே.

மகளின் முடி

இதற்கு இரண்டு பத்தி போதும். முடி வெட்டுவதும் பந்து உதைப்பதும் பாலினப் பங்கின் பட்டியலில் வருபவை. அந்தப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுகிறது. உயர்ந்த குதிகால் செருப்பை ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆண்கள்தான் பெருமையாகப் போட்டார்கள், பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி உட்பட. இளஞ்சிவப்பு ஆண் குழந்தைக்கு, நீலம் பெண் குழந்தைக்கு என்று 1918-ல் அமெரிக்காவில் ஒரு வணிக இதழ் எழுதியது. 1940-களில் எனியாக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் ஆறு பேரும் பெண்கள். பிறகு அதுவே ஆண்களின் வேலை என்று ஆகிவிட்டது.

எதிர்பாலீர்ப்பு கொண்ட பெண்கள் கால்பந்து ஆடுகிறார்கள். முழங்கால் வரை பின்னல் போட்ட பெண்கள் பெண்களை நேசிக்கிறார்கள். உங்கள் மகனின் மென்மையான குரலையும் நடனத்தையும் ‘அப்போதே தெரிந்த அடையாளம்’ என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் இதே பதில்தான். மகளின் முடிக்கு அவளிடம் விளக்கம் கேட்காதீர்கள். அண்ணன் சொன்னதற்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது போதும்.

வீட்டுக்காரரும், வெளியாட்களும்

உங்கள் கணவர் பேசாமல் இருப்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2009-ல் அமெரிக்காவில் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ கொண்ட 224 இளைஞர்களிடம் செய்த ஓர் ஆய்வில், குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்களிடம் தற்கொலை முயற்சி, அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட 8 மடங்குக்கும் மேலாக இருந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மகனின் மனநிலை தன்பாலீர்ப்பால் கெடுவதில்லை, அதற்குக் கிடைக்கும் பதிலால் கெடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கணவர் இன்றைக்கே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. “எனக்குப் புரியலை, கொஞ்சம் நாளாகும். ஆனா இது உன் வீடு” என்று ஒரு வாக்கியம் சொன்னால்கூட இப்போதைக்குப் பெரிய காரியம். சொல்ல வரவில்லை என்றால் சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். பல வீடுகளில் அப்பாக்கள் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். மகன் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது அந்த மன வேதனைக்காக மட்டும். போகும் முன் தொலைபேசியில் ஒன்று கேட்டுவிடுங்கள்: “ஈர்ப்பை மாற்ற முடியுமா?” முடியும் என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்கும் யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கும். அது நியாயம்தான். ஆனால் யாரிடம் என்பதை மகன் முடிவு செய்யட்டும். இன்னும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு குற்றம். குற்றம் இல்லாத இடங்களிலும் வேலையும் வாடகை வீடும் போன கதைகள் உண்டு. இந்தச் செய்தி யார் யாருக்குத் தெரியும் என்பது அவருடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம், பெயர் சொல்லாமலேயே, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், உங்கள் அக்கா. அவரிடம் சொல்லிவிட்டீர்கள். மகனுக்கு அது தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா வழியாக வேறு யாருக்குப் போனது என்பதும் உங்களுக்குத் தெரியாது. முதலில் அக்காவிடம் பேசி, இதை அவரோடு நிறுத்திக்கொள்ளக் கேளுங்கள்.

சனிக்கிழமை மகன் வந்ததும் பெரிய பேச்சுக்குத் தயாராக வேண்டாம். அவர் அன்று பாத்திரம் துடைத்த இடத்திலேயே, வேலையோடு வேலையாகச் சொல்லுங்கள். “அன்னைக்கு நான் ஒண்ணும் பேசலை. பயமா இருந்துச்சு. நீ சொன்னதைக் கேட்டேன்.” பிறகு பெரியம்மாவிடம் சொல்லிவிட்டதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு வாயிலிருந்து அவர் காதுக்குப் போகும் முன். கோபப்படுவார். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், கவுன், ஹார்மோன், கல்யாணம் எதையும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.